வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம்: கதை முதல் அச்சு வரை முழுமையான வழிகாட்டி

நட்பையும் வாசிப்பின் மகிழ்ச்சியையும் சொல்லும் படப் புத்தகம் செய்ய வேண்டும் என்று பல ஆசிரியர்களும் பெற்றோரும் நூலகர்களும் ஆசைப்படுகிறார்கள். செய்து முடித்த புத்தகங்களில் பலவும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. "புத்தகமே நல்ல நண்பன்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பாத்திரம் சொல்லிவிடுகிறது. பிள்ளை அதற்கு முந்தைய பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

நட்பு, வாசிப்பு என்ற இரண்டு சொற்களும் கதைக்குள் எங்கும் வரக்கூடாது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஒரு புத்தகத்தைப் படிக்க முடியும் என்ற நிலையைக் கதையே உண்டாக்க வேண்டும். அது அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் கைவேலை. அந்தக் கைவேலையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறோம். நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு, 24 பக்கத்தில், வேலூரிலேயே அச்சடிக்கக்கூடிய ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்வோம்.

1. கதைக்கு ஒரு முடிச்சு

முதலில் எழுத உட்காராதீர்கள். ஒரே வாக்கியத்தில் முடிச்சைச் சொல்லிப் பாருங்கள். "செல்விக்கும் இம்ரானுக்கும் புத்தகம் பிடிக்கும்" என்பது முடிச்சு அல்ல, அது வெறும் செய்தி. "ஒரே புத்தகத்தின் முன்பாதி செல்வியிடம், பின்பாதி இம்ரானிடம்" என்பது முடிச்சு. கேட்டவுடன் அடுத்து என்ன என்று மனம் கேட்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க இந்தக் கதையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த ஒரு புத்தகம் நடுவில் பிய்ந்துவிட்டது. ஓர் ஆட்டுக்குட்டி பாறை மலை ஏறும் கதை அது. நடுத்தாளில் ஒரே ஒரு சொல்தான், பெரிய எழுத்தில்: மழை. அந்தத் தாள் நெட்டுக்குக் கிழிந்திருக்கிறது. "ம" செல்வியின் பாதியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ழை" இம்ரானின் பாதிக்குள் தனித் துண்டாகக் கிடக்கிறது. செல்வி மரம், மயில், மணி என்று நினைக்கிறாள். இம்ரான் வாழை என்று நினைக்கிறான். இரண்டு துண்டும் ஒட்டினால்தான் ஆட்டுக்குட்டிக்கு என்ன ஆயிற்று என்பது தெரியும்.

இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டான். அவனே ஊகிப்பான், சத்தம் போடுவான். வாசிப்பின் மகிழ்ச்சி பற்றிப் பேசாமலே அது நடந்துவிடுகிறது.

முடிச்சு சரிதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு பிள்ளைகளில் ஒருவரைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்போதும் கதை நடக்கிறது என்றால் நட்பு அங்கே ஒட்டுப்போட்டது. புத்தகத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஒரு பந்தை வையுங்கள். அப்போதும் கதை நடக்கிறது என்றால் வாசிப்பு ஒட்டுப்போட்டது.

இன்னொரு தவறும் அடிக்கடி வரும். ஒருவன் படிக்கத் தெரிந்தவன், மற்றவள் தெரியாதவள், அவன் கற்றுக்கொடுக்கிறான் என்று கதை போகும். அது நட்பாக இருக்காது, டியூஷனாகிவிடும். இருவரிடமும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், இருவரிடமும் ஏதோ ஒன்று குறைய வேண்டும். வேலூரில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும். இம்ரான் வீட்டில் உருது பேசுகிறான் என்பதைப் படத்தில் அவன் வீட்டுச் சுவரிலோ நாட்காட்டியிலோ காட்டினால் போதும். அதையே கதையின் பாடமாக்கிவிட வேண்டாம்.

2. பக்கக் கணக்கு

உலகெங்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். காரணம் கலை அல்ல, காகிதம். பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும், இரண்டு தாளுக்கு 32. நடுவில் பின் (ஸ்டேப்ளர் கம்பி) அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். முதல் புத்தகத்துக்கு 24 பக்கமும் தனி அட்டையும் போதும். செலவு குறையும், கதையும் இறுகும்.

பக்கம் 1 தலைப்பு, பக்கம் 2 பதிப்பு விவரம். கதை 3-இல் தொடங்கும். 4–5 முதல் 22–23 வரை பத்து இரட்டைப் பக்கங்கள், கடைசியில் 24 ஒற்றை. ஆக மொத்தம் பன்னிரண்டு இடங்கள். இடத்துக்கு 20 முதல் 25 சொல் என்றால் முழுக் கதையும் 300 சொல்லுக்குள் முடிய வேண்டும். நம் கதை இப்படி உட்காரும்:

3: கோட்டை வாசல் அருகே ஆயா பூ கட்டுகிறாள். பக்கத்தில் செல்வி, கையில் பாதிப் புத்தகம். (ஆயாவின் பூக்கட்டும் நூல் இங்கேயே தெரிய வேண்டும்.)
4–5: செல்வி படிக்கிறாள். ஆட்டுக்குட்டி பாறை ஏறுகிறது.
6–7: கிழிந்த தாள். "ம". மரமா? மயிலா?
8–9: பழைய பேப்பர் கடைத் தராசு. இம்ரான், அவன் பாதி. ஆட்டுக்குட்டி குதித்துக் குதித்து இறங்குகிறது. ஏன் என்று தெரியவில்லை.
10–11: "ழை". வாழையா?
12–13: சொல் இல்லை. அகழியின் இந்தக் கரையில் செல்வி, அந்தக் கரையில் இம்ரான்.
14–15: சந்திக்கிறார்கள். "அது என்னுது!"
16–17: இழுபறி. காற்று கிளம்புகிறது, துண்டு பறக்கிறது.
18–19: இருவரும் துரத்துகிறார்கள். 19-இல் இரண்டு கை, இரண்டு துண்டு, நடுவில் ஒரு விரல் இடைவெளி.
20–21: மழை! தாள் மேலேயே முதல் துளி.
22–23: பூக்கடைத் தார்ப்பாய்க்குள் மூன்று பேர். புத்தகத்தை முதலிலிருந்து படிக்கிறார்கள்.
24: பூக்கட்டும் நூலால் தைத்த புத்தகம்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். 19 வலப்பக்கம். பிள்ளை தாளைப் புரட்டினால்தான் 20 தெரியும். ஆவலைத் தூண்டுவது எதுவானாலும் அது வலப்பக்கத்தில், ஒற்றைப்படை எண்ணில் முடிய வேண்டும். விடை அடுத்த இடப்பக்கத்தில் திறக்க வேண்டும். "மழை" என்ற சொல் 19-இலேயே தெரிந்துவிட்டால் புத்தகமே வீண்.

இரண்டாவது, 12–13. பின் அடித்த 24 பக்கப் புத்தகத்தில் இந்த ஓரிடத்தில்தான் இரு பக்கமும் ஒரே காகிதத்தில் தொடர்ச்சியாக வரும். மற்ற இரட்டைப் பக்கங்களில் இடதும் வலதும் வேறு வேறு இடத்தில் அச்சாகிச் சேர்கின்றன. ஒரு மில்லிமீட்டராவது ஏறி இறங்கும், நிறமும் சற்று மாறும். அதனால் அகழியின் நீண்ட படத்தை நடுவில் வைத்தோம். மற்ற இடங்களில் முகம், கை, எழுத்து எதையும் நடுமடிப்பிலிருந்து ஒன்றரை செ.மீ.க்குள் வரையாதீர்கள்.

3. டம்மி

டம்மி என்பது அச்சுக்கு முன் கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம். ஆறு ஏ4 தாளை ஒன்றாக மடித்து நடுவில் பின் அடித்தால் 24 பக்கம் வந்துவிடும். அதில் பென்சிலால் தீக்குச்சி மனிதர்களை வரைந்து, சொற்களை வெட்டி ஒட்டுங்கள். பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். அழகாக வரைந்துவிட்டால் அதைக் கிழிக்க மனம் வராது.

டம்மியைப் புரட்டும்போது குறைகள் உடனே தெரியும். தொடர்ந்து மூன்று பக்கம் ஒரே தூரத்தில் ஒரே அளவு உருவங்கள் நிற்கும். ஒன்றைத் தூரத்திலிருந்தும் ஒன்றை மிகக் கிட்டேயும் மாற்றுங்கள். சொல் சொன்னதையே படமும் சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே சொல்லை வெட்டுங்கள். "செல்வி சோகமாக இருந்தாள்" என்ற வரியே தேவையில்லை. அவள் தோள் தொங்குவதைப் பார்க்கப் பிள்ளைக்குக் கண் இருக்கிறது.

4. தமிழ்

கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேசும் வரிகள் ஊர்ப் பேச்சில். "இன்னாடா இது, பாதிதான் கீது?" என்று செல்வி கேட்டால் காட்பாடிப் பிள்ளை சிரிப்பான். முழுக் கதையையும் பேச்சில் எழுதினால் புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார்கள். பாடநூலில் பார்த்த வடிவம் ஒன்று, இங்கே பார்ப்பது வேறொன்று. புத்தகத்துக்கு நான்கைந்து பேச்சு வரி போதும்.

வாக்கியத்துக்கு நான்கு முதல் ஏழு சொல். சேர்த்தெழுதி நீண்ட சொற்களைப் பிரியுங்கள். "எடுத்துக்கொண்டோடினான்" என்பதை "எடுத்தான். ஓடினான்." என்று ஆக்கினால் வாய்க்கும் சுகம், கண்ணுக்கும் சுகம். ஒரு வரி திரும்பத் திரும்ப வரட்டும். நம் கதையில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது 7, 11, 17, 19 ஆகிய பக்கங்களில் வருகிறது. மூன்றாம் முறை அதைப் பிள்ளையே சொல்லும். படிக்கத் தெரியாதவளும் அந்த வரியைத் தொட்டுத் "படித்து"விடுவாள். அவளுக்கு அதுதான் முதல் வாசிப்பு.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

5. படம்: ஊரை ஊராக வரைவது

வேலூர்க் கதையில் பச்சைப் பசேல் மலையும் தென்னந்தோப்பும் வந்தால் பிள்ளைக்கு அது வேறு ஊர். இங்கே மலை என்றால் உருண்ட பாறைகள், இடையிடையே முட்புதர். வானம் வெளுத்திருக்கும். மே மாத நடுப்பகலில் தெருவில் நிழல் சிறிதாகக் காலடியில் கிடக்கும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் நடப்பார்கள், நுங்கு வண்டி மரத்தடியில் நிற்கும். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான், நீல நிறத்தில் ஓடும் ஆறாக வரைந்துவிடாதீர்கள். இத்தனை வெயிலை முன்பக்கங்களில் உணர்த்தியிருந்தால்தான் 20-ஆம் பக்கத்து மழை மழையாக இருக்கும். 3 முதல் 15 வரை மஞ்சளும் வெளிர் பழுப்பும், 16-இல் சாம்பல் நுழையட்டும், 20-இல் நீலம் திறக்கட்டும்.

கோட்டையை நினைவிலிருந்து வரையாமல் நேரில் போய் உட்கார்ந்து வரையுங்கள். பெரிய கருங்கல் பாளங்கள் சரிவாக ஏறும் சுவர், மேலே வளைந்த கைப்பிடிச் சுவர்கள், முன்னும் பின்னுமாக இரண்டு அடுக்கு மதில், கீழே அகழி. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் கல்லின் விளிம்பில் நிழல் விழுந்து வடிவம் தெளிவாகத் தெரியும்.

பாத்திரங்களுக்குத் தனியாக ஒரு தாள் போடுங்கள். செல்வி முன்னிருந்து, பக்கத்திலிருந்து, பின்னிருந்து, உட்கார்ந்து, ஓடி. ஆயாவின் உயரத்தில் அவள் எங்கே வருவாள் என்று ஒரு கோடு. உடையின் நிறம், ஜடையில் ரிப்பன் எந்தப் பக்கம், இம்ரான் சட்டையில் எத்தனை பொத்தான் என்பதையெல்லாம் அதிலேயே எழுதுங்கள். பத்தாம் பக்கத்தில் ரிப்பன் நிறம் மாறினால் பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். பிள்ளைகள் உடனே கண்டுபிடித்து "இது வேற பொண்ணு" என்பார்கள்.

வாட்டர்கலர் என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் எடுங்கள். மெல்லிய தாள் நனைந்து அலை அலையாகும், ஸ்கேனில் அந்த நிழலும் விழும். அச்சாகும் அளவைவிட கால் மடங்கு பெரிதாக, 125 சதவீதத்தில் வரைந்தால் சுருக்கும்போது கோடு கூர்மையாகும். இன்னும் பெரிதாகப் போனால் நுணுக்கங்கள் சுருங்கி அழுக்குப்போல் ஆகிவிடும். எழுத்துக்கான இடத்தை வரையும்போதே வெறுமையாக விடுங்கள். படம் முடிந்தபின் மேலே எழுத்தைத் திணித்தால் இலைக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

ஓவியர் வேறொருவர் என்றால் தொகை, படங்களை எங்கெல்லாம் பயன்படுத்தலாம், மறுபதிப்புக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படப் புத்தகத்தில் பாதிக் கதை ஓவியருடையது. அவர் பெயர் அட்டையில், எழுத்தாளர் பெயர் அளவிலேயே வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

6. பிள்ளைகளிடம் சோதனை

வண்ணம் தீட்டுவதற்கு முன், பென்சில் படத்தோடு கூடிய டம்மியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோங்கள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு கூட்டம் போதும். உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்கில் வராது, உங்களை மகிழ்விக்கவே சிரிக்கும். பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் ஒரு பாடவேளை வாங்குங்கள். கிளை நூலகத்தில் விடுமுறை நாள் காலையும் நல்ல நேரம்.

உங்களைவிட, கதை தெரியாத வேறொருவர் படிப்பது நல்லது. நீங்கள் படித்தால் குரலாலேயே குறையை மூடிவிடுவீர்கள். ஓரமாக உட்கார்ந்து எந்தப் பக்கத்தில் யார் கண் வெளியே போகிறது, எங்கே விரல் படத்தைத் தொடுகிறது, எங்கே தாளைப் புரட்டக் கை நீள்கிறது என்று மட்டும் குறியுங்கள். "கதை புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். "செல்வி ஏன் ஓடினா?" என்று கேளுங்கள். விடை நீங்கள் நினைத்ததற்கு மாறாக வந்தால் படத்தில் ஏதோ தவறு, பிள்ளையிடம் இல்லை. இரண்டு கூட்டங்களில் ஒரே பக்கத்தில் கண் வெளியே போனால் அந்தப் பக்கத்தை மாற்றியே தீர வேண்டும்.

7. எழுத்துரு, கோப்பு

இங்கேதான் தமிழ்ப் புத்தகங்கள் அதிகம் கெடுகின்றன. எல்லாக் கணினியிலும் ஒரே குறியீட்டில் இயங்கும் யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை ஆகியவை கட்டணமில்லாமல் அச்சுக்குப் பயன்படுத்தலாம். எழுத்தளவு 20 முதல் 24 பாயின்ட், வரி இடைவெளி அதன் ஒன்றரை மடங்கு. குறைத்தால் மேல்வரியின் "ழு", "ரு" கீழ்வரியின் புள்ளியோடு இடிக்கும். இருபுறமும் நேராக்காமல் இடப்புறம் மட்டும் நேராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், இருபுறமும் இழுத்தால் நடுவே பள்ளம் விழும். வரி இறுதியில் சொல்லை உடைக்கவே வேண்டாம்.

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் "வேர்ல்டு-ரெடி கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" உடைந்து நிற்கும். சில அச்சகங்களில் இன்னும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தான் இருக்கின்றன. அங்கே உங்கள் கோப்பைத் திறந்து மாற்றியடித்தால் பிழை புகும். அதனால் எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் கொ, கோ, கௌ, ணை, ளை, ஸ்ரீ, னு ஆகியவற்றைத் தேடித் தேடிப் பாருங்கள்.

கறுப்பு எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டுமே அச்சாக வேண்டும். நான்கு நிற மையும் கலந்த கறுப்பாகப் போனால் அச்சுத் தட்டுகள் மயிரிழை விலகினாலே எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் தெரியும். வண்ணப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தைத் தவிர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

படத்தை மொபைலில் எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். அச்சளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கட்டாயம் வேண்டும், 600-இல் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சு நிற முறைக்கு மாற்றியபின் பளிச்சென்ற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் மங்கும். திரையில் பார்த்த நிறம் அச்சில் வராது என்று முதலிலேயே தெரிந்தால் நிறத்தைத் திருத்த நேரம் இருக்கும். நான்கு ஓரமும் படம் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும், எழுத்து ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும், அல்லது எழுத்து அறுபடும்.

8. அச்சு

வரையத் தொடங்கும் முன்பே அச்சகத்தில் அளவைப் பேசிவிடுங்கள். 20×30 அங்குலத் தாளின் ஒரு முகத்தில் புத்தகத்தின் எட்டுப் பக்கங்கள் அமையும். வெட்டியபின் 7×9 அங்குலப் புத்தகம் தாராளமாக வரும். சதுரப் புத்தகம் அழகுதான், ஆனால் தாள் அதிகம் வீணாகும்.

உள்தாள் 130 ஜிஎஸ்எம் மேட் (பளபளப்பில்லாத) ஆர்ட் பேப்பர். பளபளக்கும் தாளில் வகுப்பறை ஜன்னல் வெளிச்சம் எதிரொளித்துப் பின்வரிசைப் பிள்ளைக்குப் படம் தெரியாது. 100-க்குக் கீழே போனால் பின்பக்கப் படம் ஊடுருவித் தெரியும், அதிலும் 19-இல் நின்றுகொண்டே "மழை"யைப் பார்த்துவிடுவார்கள். அட்டை 300 ஜிஎஸ்எம், வெளிப்புறம் மேட் லேமினேஷன். தாளின் நாரோட்டம் (நார்கள் ஓடும் திசை) புத்தக முதுகுக்கு இணையாக இருக்கச் சொல்லுங்கள். குறுக்கே போனால் அட்டை மடிப்பில் வெடிக்கும். மூலைகளை வட்டமாக வெட்டினால் கண்ணில் குத்தாது, மடங்கவும் மடங்காது. பின்னின் முனை உள்ளே நன்றாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறு, ஆயிரம் என்று போனால், தட்டு செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் பிரதிக்கு ஆகும் செலவு குறையும். எதுவானாலும், அதே தாளில் அடித்த ஒரு முழு மாதிரிப் பிரதியை மடித்து, பின் அடித்து, கையில் வாங்கிப் புரட்டிய பிறகே சம்மதம் சொல்லுங்கள். திரையில் பத்து முறை தப்பிய பிழை காகிதத்தில் கண்ணில் படும்.

ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் அடையாள எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் இலவசமாகத் தருகிறது. அட்டை முடியும் முன்பே விண்ணப்பியுங்கள். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் வெளியான முப்பது நாளுக்குள் பிரதி அனுப்ப வேண்டும். விற்பதைவிடப் பரவுவது முக்கியம் என்றால், சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் திறந்த உரிமத்தோடு ஏற்றலாம். அங்கிருந்து யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். ஓவியரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

9. கைக்குப் போனபின்

பள்ளிக்குக் கொடுக்கும்போது ஒரு பிரதியாகக் கொடுக்காமல், குறைந்தது நான்கைந்தாகக் கொடுங்கள். ஒரு பிரதி என்றால் அது பீரோவுக்குள் போய்விடும். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்று உட்கார வைப்பதே இந்தக் கதைக்கு ஏற்ற முறை. ஒருத்தி இடப்பக்கம் பிடிக்க, மற்றவன் வலப்பக்கம் பிடிக்க, இருவரும் சேர்ந்தே புரட்ட வேண்டியிருக்கும்.

ஆசிரியருக்கு ஒரு சிறு குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள். முதல் தடவை நிறுத்தாமல் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை 7-இலும் 11-இலும் நிறுத்தி, "ம" என்று தொடங்கும் சொல், "ழை" என்று முடியும் சொல் கேட்கலாம். மலை, மண்வெட்டி, மட்டன் பிரியாணி என்று எது வந்தாலும் கரும்பலகையில் எழுதட்டும். மூன்றாம் தடவை புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் விட்டுவிடட்டும். தேர்வு, கேள்வித்தாள், கதையின் நீதி எதுவும் வேண்டாம்.

புத்தகம் கிழியும். பின் கழன்றால் நடுமடிப்பில் ஊசியால் மூன்று துளை போட்டு, தடித்த நூலால் நடுத்துளையில் தொடங்கி மேலே போய், கீழே வந்து, திரும்ப நடுவில் முடிச்சுப் போடலாம். செலோடேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் பசை மஞ்சளாகித் தாளையும் சேர்த்து உரிக்கும். தைக்கும் வேலையை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கொடுக்கலாம். எப்படித் தைப்பது என்று 24-ஆம் பக்கத்துப் படத்திலேயே இருக்கிறது, அதனால் அந்தப் படத்தில் நூல் எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளிவருகிறது என்பதைச் சரியாக வரைந்துவிடுங்கள்.